ஃபெடரல் சட்டம் மாறினால் நம்ம பிள்ளையின் ஐஇபி என்னாகும்? நியூ ஜெர்சி தமிழ்ப் பெற்றோர் கேட்ட கேள்விகள்

இந்தக் கேள்விகளில் பாதி சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வராந்தாவில் வந்தவை. பிள்ளைகள் உள்ளே அ, ஆ எழுதிக்கொண்டிருக்க, பெற்றோர் வெளியே காபி கப்போடு நிற்பார்களே, அந்த நேரத்தில். மீதி வாட்ஸ்அப்பில், பெரும்பாலும் விடிந்தால் மீட்டிங் என்கிற ராத்திரியில். நான் வக்கீல் இல்லை. ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அம்மா. வருஷா வருஷம் மீட்டிங் போய் வந்ததில் விதிப் புத்தகம் படிக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். ஐஇபி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: பிள்ளைக்கு என்ன இலக்கு, வாரத்துக்கு எத்தனை நிமிடம் தெரபி, எந்த வகுப்பு என்று பள்ளியும் பெற்றோரும் சேர்ந்து எழுதும் தனித் திட்டம். அதற்குப் பின்னால் நிற்கும் சட்டம் வாஷிங்டனில் மாறும்போது நம் மாநிலத் தலைநகர் ட்ரென்டனில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

ஃபெடரல் சட்டம், ஸ்டேட் கோட், டிஸ்ட்ரிக்ட் பாலிசி என்று மூன்று சொல்கிறார்கள். எது எதற்கு மேலே?

உச்சியில் இருப்பது ஐடியா (IDEA), மாற்றுத்திறன் பிள்ளைகளின் சிறப்புக் கல்விக்கான ஃபெடரல் சட்டம். 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம். அப்போது அதற்கு வேறு பெயர். ஐடியா என்ற பெயர் 1990இல் வந்தது. 1997இலும் 2004இலும் பெரிய திருத்தங்கள் நடந்தன. சட்டத்தை நடைமுறைப்படுத்த ஃபெடரல் கல்வித் துறை எழுதிய விதிகள் ‘பகுதி 300’ என்ற எண்ணில் இருக்கும். அதற்கடுத்து நியூ ஜெர்சி சட்டமன்றம் இயற்றியது: தலைப்பு 18ஏ, அத்தியாயம் 46. அதற்கும் அடுத்து மாநிலக் கல்வி வாரியம் எழுதிய 6ஏ:14. பள்ளியில் நம் பிள்ளையின் ஐஇபியைக் கவனிக்கும் கேஸ் மேனேஜர் ‘கோட்’ என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் சொல்கிறார். டிஸ்ட்ரிக்ட், அதாவது நம் ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம், வைத்திருக்கும் பாலிசி கடைசியில். ‘எங்க பாலிசி இது’ என்று மீட்டிங்கில் யாராவது சொன்னால், மேலே உள்ள நான்கும் அதை அனுமதிக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சாப்பாட்டுக் கணக்கில் சொன்னால், இலையில் சோறும் சாம்பாரும் கட்டாயம் என்கிறது ஃபெடரல் சட்டம். கூட்டு, பொரியல், அப்பளம் மாநிலத்தின் விருப்பம். சோற்றில் மட்டும் கை வைக்க முடியாது.

மாநிலம் ஏன் இதைக் கேட்க வேண்டும்? கல்வி மாநிலத்தின் விஷயம்தானே?

பணம். ஐடியா பணத்தை வாங்குகிற மாநிலம் ஐடியா நிபந்தனைகளை ஏற்கிறது. வாங்க மாட்டேன் என்று சொல்லவும் வழி இருந்தது. நியூ மெக்ஸிகோ 1980களின் நடுப்பகுதி வரை அப்படித்தான் ஒதுங்கி நின்றது. கடைசியில் அதுவும் வந்து சேர்ந்தது. இந்தப் பணம் பெரிய தொகை என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு மாணவருக்கான சராசரிச் செலவில் 40% வரை தருவதாக 1975இல் வாக்குக் கொடுத்தார்கள். சாதாரண ஆண்டுகளில் அது 20%ஐக்கூடத் தொட்டதில்லை. மீதியை மாநிலமும், நாம் மூக்கால் அழுதபடி கட்டும் வீட்டு வரியும் தாங்குகின்றன. அதனால்தான் புது ஃபெடரல் விதி ஒன்று வந்தால் டிஸ்ட்ரிக்ட் அலுவலகத்தில் முதலில் கேட்கும் குரல் ‘இதற்குப் பணம் யார் தருவது?’ என்பதாக இருக்கிறது. கோபப்பட்டுப் பிரயோஜனமில்லை, அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கிறது.

வாஷிங்டனில் சட்டம் மாறினால் எத்தனை நாளில் நம்ம கோட் மாறும்?

நாள் கணக்கில் இல்லை, ஆண்டுக் கணக்கில். கடைசியாக நடந்த பெரிய திருத்தத்தையே பாருங்கள். 2004 டிசம்பர் 3 அன்று அதிபர் புஷ் கையெழுத்திட்டார். பெரும்பாலான பிரிவுகள் 2005 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தன. அதை விளக்கும் ஃபெடரல் விதிகள் 2006 ஆகஸ்ட் 14 அன்று வெளியாகி, அக்டோபர் 13 முதல் செல்லுபடியாயின. நியூ ஜெர்சி தன் 6ஏ:14ஐத் திருத்தி மறுபடி ஏற்றதும் 2006இல்தான். சட்டம் அமலாகி ஓராண்டுக்கு மேல் பழைய கோட் புத்தகம்தான் மேசை மேல் இருந்தது.

தாமதத்துக்குக் காரணம் சோம்பல் மட்டும் இல்லை. மாநிலம் விதியை மாற்றும் முன் பொது விசாரணை நடத்தி, முன்னறிவிப்புக் கொடுத்து, கருத்துச் சொல்ல அவகாசம் தர வேண்டும் என்று ஃபெடரல் சட்டமே சொல்கிறது. தவிர, ஒவ்வொரு மாநிலத்திலும் சிறப்புக் கல்விக்கு ஓர் ஆலோசனைக் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் மாற்றுத்திறனாளிகளாகவோ, 26 வயது வரையுள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோராகவோ இருக்க வேண்டும். நம்மைக் கேட்காமல் மாற்றக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நேரம் ஆகிறது.

அந்த இடைவெளியில் எது செல்லும்? பழைய கோடா, புது சட்டமா?

மாநிலம் ஒவ்வோர் ஆண்டும் ஃபெடரல் பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது ஓர் உறுதிமொழி கொடுக்கிறது. ‘எங்கள் விதிகளில் இன்னும் ஒத்துப்போகாதவை உள்ளன, இந்தத் தேதிக்குள் திருத்துவோம், அதுவரைக்கும் ஃபெடரல் சட்டப்படியே நடப்போம்’ என்று எழுதிக் கொடுத்தால்தான் நிபந்தனையோடு பணம் வரும். எனவே கோட் புத்தகத்தில் பழைய வரி இருக்கிறது என்பது டிஸ்ட்ரிக்ட்டுக்குச் சாக்கு ஆகாது.

ஆனால் இதைத் திருப்பிப் போட்டுவிடக் கூடாது. பழைய வரி பிள்ளைக்குக் கூடுதலாக எதையாவது தருகிறது, புது ஃபெடரல் சட்டம் அதைக் கட்டாயமில்லை என்று விட்டுவிட்டது என்றால், மாநிலம் தானே நீக்கும்வரை அந்த வரி உயிரோடுதான் இருக்கிறது. பெற்றோர் அதிகம் ஏமாறுகிற இடம் இதுதான். என் கதையையே சொல்கிறேன்.

சொல்லுங்க அக்கா, பதினாலா பதினாறா?

பள்ளிப் படிப்புக்குப் பிறகு பிள்ளை என்ன செய்யும் என்ற திட்டமிடலை ‘ட்ரான்ஸிஷன்’ என்கிறார்கள். 1997 ஃபெடரல் திருத்தத்தில் அது 14 வயதில் தொடங்கியது. 2004இல் 16 ஆக்கினார்கள். நியூ ஜெர்சி 14ஐ விடவில்லை: பிள்ளைக்கு 14 நிறையும் கல்வியாண்டுக்கான ஐஇபியிலேயே தொடங்க வேண்டும். அவன் விருப்பம் என்ன, எதில் கெட்டிக்காரன், எந்தப் பாடங்கள் எடுக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போதே எழுதப்பட வேண்டும். 16இல் அளவிடக்கூடிய இலக்குகளும் சேவைகளும் சேரும்.

என் பையனுக்குப் பதிமூன்று முடியப் போகிற வசந்தகால மீட்டிங். ட்ரான்ஸிஷன் பக்கம் காலியாக இருந்தது. ஏன் என்று கேட்டேன். ‘அது பதினாறில்தான், ஃபெடரல் லா அப்படித்தான் சொல்கிறது’ என்று எதிரே இருந்தவர் சிரித்த முகத்தோடு சொன்னார். பொய் சொல்லவில்லை அவர். ஃபெடரல் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பையில் 6ஏ:14-3.7 அச்சடித்த தாள் இருந்தது, மஞ்சள் மார்க்கர் அடித்து, ஓரத்தில் ரசக் கறையோடு. நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். பக்கத்தில் இருந்த ஸ்கூல் சைக்காலஜிஸ்ட் எட்டிப் பார்த்தார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு லேப்டாப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்து, ‘சரி, உங்க பையனுக்கு என்ன பிடிக்கும்?’ என்று கேட்டார். ரயில், பிறகு ரயில் அட்டவணை என்று சொன்னேன். அதுதான் அந்தப் பக்கத்தின் முதல் வரி.

இதே வகையில் இன்னொன்றும் உண்டு. ஆண்டு இலக்குகளைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து எழுதும் குறுகியகால நோக்கங்கள். 2004 திருத்தம், வழக்கமான மாநிலத் தேர்வுக்குப் பதிலாக மாற்றுத் தேர்வு எழுதும் பிள்ளைகளைத் தவிர மற்றவர்களுக்கு அவற்றைக் கட்டாயமில்லை என்று ஆக்கியது. நியூ ஜெர்சி கோட் அவற்றை வைத்துக்கொண்டது. ‘இப்போ அதெல்லாம் எழுதறதில்லை’ என்று யாராவது சொன்னால், எந்த மாநிலத்தில் என்று கேளுங்கள்.

கேஸ் போட்டால் யார் நிரூபிக்க வேண்டும்? நாமா, டிஸ்ட்ரிக்ட்டா?

நியூ ஜெர்சியில் டிஸ்ட்ரிக்ட்தான். ஆனால் இது சும்மா கிடைத்ததில்லை. ஃபெடரல் மாற்றத்துக்கு ஒரு மாநிலம் எப்படிப் பதில் சொல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

பள்ளியோடு கருத்து வேறுபாடு முற்றினால் ‘டியூ ப்ராசஸ்’ விசாரணை கேட்கலாம். அங்கே ‘இந்த ஐஇபி சரியானது’ என்று டிஸ்ட்ரிக்ட் நிரூபிக்க வேண்டுமா, ‘சரியில்லை’ என்று நாம் நிரூபிக்க வேண்டுமா? ஐடியா இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் 1989இல் லாஸ்காரி வழக்கில், டிஸ்ட்ரிக்ட்தான் நிரூபிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. நிபுணர்களும் பதிவேடுகளும் அவர்களிடம்தானே இருக்கின்றன? பதினாறு ஆண்டுகள் அப்படியே ஓடின.

2005 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மேரிலாந்திலிருந்து வந்த ஷாஃபர் எதிர் வீஸ்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது: நிவாரணம் கேட்பவர் எவரோ, அவரே நிரூபிக்க வேண்டும். கேட்பவர் பெரும்பாலும் யார்? பெற்றோர். மறு ஆண்டே, நியூ ஜெர்சிக்கும் சேர்த்து அதிகாரமுள்ள மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், ராம்ஸி என்ற டிஸ்ட்ரிக்ட் சம்பந்தப்பட்ட வழக்கில், இங்கேயும் இனி அப்படித்தான் என்றது. ஒரு திருத்தம்கூடச் சட்டப் புத்தகத்தில் வரவில்லை. சுமை மட்டும் தோள் மாறிவிட்டது. தனியார் நிபுணரை வைத்து மதிப்பீடு செய்து சாட்சிக்கு அழைத்து வர என்ன செலவாகும் என்று விசாரித்தவர்களுக்கு அந்தச் சுமை எவ்வளவு கனம் என்று தெரியும்.

ஆனால் உச்ச நீதிமன்றம் ஒரு கதவைச் சாத்தாமல் விட்டிருந்தது: மாநிலம் தன் சட்டத்தின் மூலம் இதை மாற்றிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லவில்லை. பெற்றோரும் வக்கீல்களும் அந்தக் கதவு வழியாகத்தான் சட்டமன்றத்துக்குப் போனார்கள். 2008 ஜனவரியில் ஆளுநர் ஜான் கோர்ஸைன் கையெழுத்திட்ட சட்டம், நிரூபிக்கும் பொறுப்பை மறுபடி டிஸ்ட்ரிக்ட்டின் தலையில் வைத்தது. நியூ யார்க் 2007இலேயே இதே மாதிரி செய்திருந்தது. ஆனால் அங்கே, பிள்ளையைப் பெற்றோர் தாமாகத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுக் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டால், அந்தப் பள்ளி பொருத்தமானது என்று நிரூபிப்பது மட்டும் பெற்றோர் வேலை.

பெரும்பாலான மாநிலங்களில் இப்படிச் சட்டம் இல்லை. ஆகவே கலிஃபோர்னியாவில் இருக்கும் உங்கள் அண்ணி சொல்வதும் நான் சொல்வதும் வேறாக இருந்தால் இரண்டும் சரியாக இருக்கலாம்.

பிள்ளையின் மதிப்பீட்டுக்கு ஃபெடரலில் 60 நாள், இங்கே 90 நாள் என்கிறார்களே. மாநிலம் நம் உரிமையைக் குறைத்துவிட்டதா?

இல்லை. ஃபெடரல் விதியின் வாசகத்தை நன்றாகப் பாருங்கள்: பெற்றோர் சம்மதம் கொடுத்து 60 நாளுக்குள் மதிப்பீடு முடிய வேண்டும், ‘அல்லது மாநிலம் வைத்த காலக்கெடுவுக்குள்’. அந்த ‘அல்லது’க்குள் ஐம்பது மாநிலங்கள் ஐம்பது விதமாகப் புகுந்துகொண்டன. டெக்ஸாஸ் 45 பள்ளி நாள். இல்லினாய் 60 பள்ளி நாள். பள்ளி நாள் என்றால் சனி, ஞாயிறு, லீவு கழியும். காலண்டர் நாள் என்றால் கழியாது.

இங்கே உள்ள 90 காலண்டர் நாளுக்குள் மதிப்பீடு, தகுதி முடிவு, ஐஇபி எழுதுவது, அதை நடைமுறைப்படுத்துவது எல்லாமே அடங்க வேண்டும். ஃபெடரல் கணக்கில் மதிப்பீட்டுக்கு 60, தகுதி முடிவானபின் ஐஇபி மீட்டிங்குக்கு 30. கூட்டினால் 90தான், அதுவும் மீட்டிங் வரைக்கும்தான். இதற்கு முன்னால் இன்னொரு கெடு: நீங்கள் எழுத்தில் கேட்டதும் 20 காலண்டர் நாளுக்குள் முதல் மீட்டிங். கோடை விடுமுறையைக் காரணம் காட்டி இதைத் தள்ள முடியாது. மதிப்பீட்டு அறிக்கைகள் தகுதி மீட்டிங்குக்குப் பத்து நாள் முன்பே உங்கள் கைக்கு வர வேண்டும். மீட்டிங் மேசையில் வைத்து முதல்முறையாகப் படிக்கச் சொன்னால் தேதியை மாற்றச் சொல்லுங்கள்.

சட்டம் மாறாமல் தீர்ப்பு மட்டும் வந்தால்?

தீர்ப்பு அமலாகக் காத்திருக்கும் காலம் கிடையாது. 2017 மார்ச் 22 அன்று எண்ட்ரூ வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகள் எட்டுப் பேரும் ஒரே குரலில், அந்தப் பிள்ளையின் சூழ்நிலைக்கேற்ற முன்னேற்றம் கிடைக்கும் வகையில் ஐஇபி இருக்க வேண்டும் என்றார்கள். வழக்கு கொலராடோவிலிருந்து வந்தது. அந்த வட்டாரத்தில் அதுவரை ‘ஒன்றுமில்லை என்பதைவிடக் கொஞ்சம் மேல்’ இருந்தாலே போதும் என்று இருந்தது. எந்த மாநிலக் கோடிலும் ஒரு கமா மாறாமலேயே மறுநாள் முதல் நாடு முழுக்க அளவுகோல் அதுவானது. நியூ ஜெர்சி அடங்கிய மூன்றாம் வட்டம் முன்பே ‘அர்த்தமுள்ள பலன்’ கேட்டுக்கொண்டிருந்ததால் இங்கே அதிர்ச்சி குறைவு.

கீழ் நீதிமன்றத் தீர்ப்புகளுக்கு எல்லைக் கோடு உண்டு. 21 முடிந்த பிள்ளைகளின் விஷயம் அப்படித்தான். மாற்றுத்திறன் இல்லாத 21 வயதுக்காரர்களுக்கு மாநிலம் பள்ளிக் கல்வியை முடிக்க இலவச வகுப்பு நடத்துகிறது என்றால், மாற்றுத்திறன் உள்ளவர்களை 22வது பிறந்தநாளுக்கு முன் வெளியே அனுப்பக் கூடாது என்று ஹவாய் (2013), ரோட் ஐலண்ட் (2018), கனெக்டிகட் (2021) வழக்குகளில் மூன்று மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. கனெக்டிகட் தீர்ப்பு நியூ யார்க்கையும் கட்டும். 2023இல் நியூ யார்க் கல்வித் துறை அதை ஏற்று வயதை நீட்டியது. ஹட்ஸன் ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கும் நம்மை அது கட்டாது. இங்கே 21 நிறையும் கல்வியாண்டின் ஜூன் 30தான் கடைசி நாள். கோவிட் சமயத்தில் மூன்று கல்வியாண்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஓராண்டு கூடுதலாகக் கொடுக்க 2021இல் நியூ ஜெர்சி தனிச் சட்டம் போட்டது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. மிஷிகனோ யாரும் கேட்காமலேயே 26 வயது வரை தருகிறது.

பெயர் மாற்றத்துக்குமா இவ்வளவு நேரம்?

ஆமாம். மனவளர்ச்சிக் குறைபாட்டைக் குறித்த அந்தப் பழைய, வசைச் சொல்லாகவே ஆகிவிட்ட ஆங்கில வார்த்தையை ஃபெடரல் சட்டத்திலிருந்து நீக்கிய ரோஸா சட்டம் வந்தது 2010 அக்டோபரில். ஐடியா விதிகளில் அந்த வார்த்தையை அடித்து மாற்றியது 2017இல்.

மாநிலம் கூடுதலாகக் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா?

முடியும். மாசசூசெட்ஸ் எடுத்துக்கொண்டது. ஃபெடரல் சட்டத்துக்கு மூன்றாண்டு முன்பே, 1972இல், சிறப்புக் கல்விக்குச் சட்டம் போட்ட மாநிலம் அது. பிள்ளை எட்டக்கூடிய அதிகபட்ச வளர்ச்சி என்பது அங்கே அளவுகோலாக இருந்தது. செலவு தாங்கவில்லை என்ற பேச்சு பல ஆண்டு நடந்து, 2000இல் சட்டமன்றம் அதை மாற்ற, 2002 ஜனவரியிலிருந்து ஃபெடரல் அளவுகோலுக்கு இறங்கியது. சட்டப்படி குற்றமில்லை. பொரியலை எடுத்தார்கள், சோறு இருக்கிறது.

இதற்குத் தூண்டுகோலும் ஃபெடரல் விதியிலேயே உண்டு. 300.199 என்ற பிரிவு, மாநிலம் தானாகச் சேர்த்த விதிகளின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருக்கச் சொல்கிறது. அவை எவை என்று டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கும் வாஷிங்டனுக்கும் எழுத்தில் தெரிவிக்கவும் சொல்கிறது. தேவையில்லாத காகித வேலையைக் குறைக்க என்று எழுதப்பட்டது. நான் அதை வேறு மாதிரிப் படிக்கிறேன்: எதை நாளைக்கு வெட்டலாம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம்.

சோற்றிலேயே கை வைத்த மாநிலம் உண்டா?

டெக்ஸாஸ். 2004இல் அந்த மாநிலக் கல்வித் துறை, மாணவர்களில் 8.5% பேருக்கு மேல் சிறப்புக் கல்வியில் இருந்தால் டிஸ்ட்ரிக்ட்டுக்கு மதிப்பெண் குறையும் என்று ஒரு கணக்கு வைத்தது. தேசிய சராசரி 13% பக்கம். வெளிப்படையாக யாரையும் மறுக்கச் சொல்லவில்லை, ஆனால் மறுத்தார்கள். தேவைப்படும் பிள்ளைகளை எல்லாம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது ஐடியாவின் அடிப்படைக் கடமை. 2016இல் ஹூஸ்டன் க்ரானிக்கிள் நாளிதழ் இதை வெளியே கொண்டுவந்தது. 2017இல் மாநிலச் சட்டமன்றம் அந்த மாதிரி வரம்பைத் தடை செய்தது. ஃபெடரல் கல்வித் துறை விசாரித்துச் சட்ட மீறல் என்று அறிவித்தது 2018 ஜனவரியில். பன்னிரண்டு ஆண்டுகள் யார் கண்ணிலும் படவில்லை என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

டல்லாஸில் இருந்து எடிசனுக்கு வருகிறோம். அங்கே எழுதிய ஐஇபி இங்கே செல்லுமா?

அப்படியே செல்லாது, ஆனால் வெறும் கையோடு நிற்க வைக்கவும் முடியாது. புது டிஸ்ட்ரிக்ட் தேவைப்பட்டால் தன் மதிப்பீட்டைச் செய்து புது ஐஇபி எழுதும்வரை, உங்களோடு கலந்து பேசி, பழைய ஐஇபிக்கு ஈடான சேவைகளைத் தர வேண்டும். ‘ஈடான’ என்ற சொல்லில்தான் சண்டை வரும். நிமிடக் கணக்கு எழுதிய பக்கத்தையும், கடைசி முன்னேற்ற அறிக்கையையும் கையோடு கொண்டுவாருங்கள். மூவர்ஸ் பெட்டிக்குள் போட்டுவிட்டு மூன்று வாரம் தேடிய குடும்பத்தை எனக்குத் தெரியும். இங்கே வந்ததும் ‘சைல்ட் ஸ்டடி டீம்’ என்று ஒன்றைச் சொல்வார்கள்: சைக்காலஜிஸ்ட், கற்றல் குறைபாட்டு ஆசிரியர்-ஆலோசகர், சோஷியல் வொர்க்கர். இது நியூ ஜெர்சியின் சொந்த அமைப்பு.

எங்களுக்கு எச்-1பி. வீட்டில் தமிழ்தான். அதனால் ஏதாவது குறையுமா?

விசா இதில் வரவே வராது. மொழி விஷயத்தில் சட்டம் நம் பக்கம்: பிள்ளை எந்த மொழியில் தன் திறமையைச் சரியாகக் காட்டுமோ அந்த மொழியில், முடிந்தவரை, மதிப்பிட வேண்டும், ஆங்கிலம் போதவில்லை என்பதையே முக்கியக் காரணமாக வைத்துக் குறைபாடு என்று முடிவு கட்டக் கூடாது. பாட்டியோ தாத்தாவோ பிள்ளையின் பொறுப்பில் இருந்து மீட்டிங்குக்கு வந்தால், அவர்களுக்குப் புரிய மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்வது பள்ளியின் வேலை. முன்கூட்டியே கேளுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளரை அவர்கள் போனில்தான் பிடிப்பார்கள்.

கல்வித் துறையையே மூடப் போகிறார்கள் என்று செய்தி. ஐடியா போய்விடுமா?

2025 மார்ச்சில் அதிபர் ட்ரம்ப் கல்வித் துறையை மூட வழிசெய்யும் ஆணையில் கையெழுத்திட்டதிலிருந்து வாரம் ஒருவர் இதைக் கேட்கிறார். ஐடியா 1975ஆம் ஆண்டுச் சட்டம். தனிக் கல்வித் துறை 1980இல்தான் இயங்கத் தொடங்கியது. சட்டம் துறைக்கு மூத்தது. அதை நீக்கவோ திருத்தவோ காங்கிரஸால்தான் முடியும், ஆணையால் முடியாது. நம் மாநிலச் சட்டமும் 6ஏ:14உம் தங்கள் காலிலேயே நிற்கின்றன.

என் கவலை வேறு இடத்தில். மாநிலங்களை மேலிருந்து பார்க்கும் கண் மங்கினால் என்னாகும் என்பதற்கு டெக்ஸாஸ் கதையை மேலே சொல்லிவிட்டேன். கண் திறந்திருந்த காலத்திலேயே அது நடந்தது.

கோட் மாறப் போகிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? நாம் பேச முடியுமா?

மாநில அரசின் விதி அறிவிப்பு இதழான நியூ ஜெர்சி ரெஜிஸ்டர் மாதம் இருமுறை, முதல் மற்றும் மூன்றாம் திங்கட்கிழமைகளில் வரும். முன்மொழியும் விதி அதில் வெளியாகும். விதி அத்தியாயங்களுக்கு ஏழாண்டு ஆயுள். மறுபடி ஏற்காவிட்டால் காலாவதி. அதனால் ஃபெடரலில் ஒன்றும் அசையாவிட்டாலும் 6ஏ:14 எப்படியும் மேசைக்கு வரும். ட்ரென்டனில் மாநில வாரியத்துக்கு முன் நேரில் பேசலாம், எழுதியும் அனுப்பலாம். விதி இறுதியாகும்போது வந்த கருத்துகளுக்கெல்லாம் துறை பதில் எழுதி அச்சிட வேண்டும். நான் சொல்லச் சொல்லி இரண்டு அம்மாக்கள் எழுதினார்கள். ‘துறை இதை ஏற்கவில்லை’ என்ற பதிலை அச்சில் பார்த்ததற்கே ஒருவர் ஸ்வீட் கொண்டுவந்தார்.

இவ்வளவும் படிக்க நேரமில்லை அக்கா. நாளைக்கு மீட்டிங். ஒன்றே ஒன்று சொல்லுங்க.

நீங்கள் கேட்பதை வாயால் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் நியூ ஜெர்சி கோட்படி 20 காலண்டர் நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். மறுத்தால், என்ன மறுக்கிறார்கள், ஏன், எந்த அறிக்கையை வைத்து முடிவெடுத்தார்கள், வேறு எதையெல்லாம் யோசித்தார்கள் என்பது அதில் இருக்க வேண்டும். அது ஃபெடரல் கட்டாயம். மின்னஞ்சலின் கடைசி வரியாக இதைச் சேருங்கள்: ‘நீங்கள் குறிப்பிடும் விதி ஃபெடரலா, மாநிலமா, டிஸ்ட்ரிக்ட் பாலிசியா என்று எண்ணோடு தெரிவிக்கவும்.’ அனுப்பிவிட்டுத் தூங்குங்கள்.